கொடியில் காய்ந்த சட்டை

அன்பான விசுவாசிகளே, இனிமையாக ஆரம்பிக்க எனக்கு இன்றைக்கும் வரவில்லை. ஆனாலும் ஆண்டவர் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது.

எண்பத்தேழில் என் கணவர் மஞ்சள் காமாலையில் இறந்தார். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அவருடைய கம்பெனி நல நிதியிலிருந்து பிள்ளைகள் பேரில் மாதாமாதம் பணம் வந்தது. நான் மறுமணம் செய்துகொண்டால் நின்றுவிடும். எனக்கு அந்த நினைப்பே இல்லை. அந்தப் பணத்தில்தான் அரிசி, பால், ஸ்கூல் ஃபீஸ் எல்லாம்.

கூடுவாஞ்சேரியில் அப்போது கல் நட்ட மனைகள்தான் அதிகம், வீடுகள் கொஞ்சம். பொழுது சாய்ந்தால் குடிகாரர்கள் நடமாட்டம். அதனால் என் கணவரின் சட்டையையும் லுங்கியையும் தினமும் நனைத்துக் கொடியில் போடுவேன். வீட்டில் ஆம்பளை இருக்கிறான் என்று பார்க்கிறவன் பயப்படட்டும் என்றுதான்.

எந்தப் புண்ணியவானோ மொட்டைக் கடிதம் போட்டுவிட்டான். கம்பெனியிலிருந்து விசாரிக்க ஒருவர் வந்தார். பிள்ளைகள் எதிரிலேயே கொடியைக் காட்டிப் பல்லை இளித்தார்.

“இன்னாம்மா, ஆம்பள சட்டை ஈரமா கீது? எவன் போட்டுகினு திரியறான்?”

காரணத்தைச் சொன்னேன். “செத்தவன் சட்டைய எவளாவது தினம் தோய்ப்பாளா?” என்று சிரித்தார். சீ! அவர் தண்ணீர் குடித்துவிட்டு வைத்த டம்ளரைக்கூட நான் திரும்ப எடுக்கவில்லை, குப்பையில் போட்டேன்.

பிறகு நோட்டீஸ் வந்தது. நான் மறுமணம் செய்ததை மறைத்தேனாம். வாங்கிய பணம் முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டுமாம். மறுப்பு இருந்தால் தாம்பரம் ஆபீசுக்கு நேரில் வந்து சொல்லலாமாம்.

கூட வந்து எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று நம் சபைப் பெரியவர் ஒருவரிடம் கெஞ்சினேன். “நெருப்பில்லாம புகையுமா சிஸ்டர்? ஜெபம் பண்ணிக்குங்க” என்றார். விசாரிக்க வந்தவனைவிட இவர்மேல்தான் எனக்கு அதிக அருவருப்பு வந்தது.

வீட்டுக்கு வந்து முழங்காலில் விழுந்தேன். “ஆண்டவரே, நான் ஒழுக்கமானவள் என்று அந்த ஆட்கள் முன்னால் என் வாயால் சொல்ல மாட்டேன். எனக்குக் கூசுகிறது. நீரே பேசும்” என்று கதறினேன்.

நான் அழுதது பக்கத்து வீட்டு ஜமீலாவுக்குக் கேட்டிருக்கிறது. வந்து என்னவென்று கேட்டாள், நோட்டீஸைக் காட்டினேன். விசாரணை நாளில் ரயில் ஸ்டேஷனுக்குப் போனால், எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துக்கொண்டு நிற்கிறாள். நான் கூப்பிடவே இல்லை.

ஆபீசில் மேனேஜரும் விசாரிக்க வந்தவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜமீலா முன்னால் போய் நின்றாள்.

“சார், என் வூட்டுக்காரரு துபாய்ல கீறாரு. நானும் அவரு சட்டைய தினம் நனைச்சுக் கொடில போடறேன். அக்காதான் சொல்லிக் குடுத்தாங்கோ. அப்போ எனக்கும் ரெண்டாம் புருசன் கீறானா? எழுதிக் குடுங்க சார், துபாய்க்கு அனுப்பறேன்!”

மேனேஜர் விசாரிக்க வந்தவரைத் திரும்பிப் பார்த்தார். “நீங்க அந்த வீட்ல ஆள் யாரையாவது பாத்தீங்களா?”

“இல்ல சார். சட்டையத்தான் பாத்தேன்.”

அன்றைக்கே நோட்டீஸை ரத்து செய்தார்கள். பணம் தொடர்ந்து வந்தது. ஆண்டவர் கிருபையில் இரண்டு பெண்களும் படித்து முடித்து வேலைக்குப் போகிறார்கள். அவருக்கே ஸ்தோத்திரம். அதன்பிறகு எந்தப் பெண் ஆபீஸ் வாசலில் தனியாக நிற்கப் பயந்தாலும் நான் கூடப் போகிறேன்.

நீங்களும் நம்பிக் கேளுங்கள், அவர் ஆள் அனுப்புவார். ஆனால் பக்கத்து வீட்டில் ஒருத்தி அழும் சத்தம் கேட்டால், ஜெபம் பண்ணிக்கொள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். அவர் அனுப்பும் ஆள் நீங்களாக இருக்கலாம்.