ஓடுகிற காருக்கு ரிப்பேர்

பெருமாள்மலையில் எங்களுக்கு ஒரு லாரி இருந்தது. மேல்மலைக் கிராமங்களில் உருளைக்கிழங்கும் பூண்டும் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோவார் என் வீட்டுக்காரர். லோடு இல்லாத நாளில் எங்கள் சொந்த வண்டியும் அதுதான். கோடைக்கானலுக்குப் பல் பிடுங்கப் போனாலும் லாரி, கல்யாணத்துக்குப் போனாலும் லாரி. பட்டுச்சேலையோடு நான் அதில் ஏறுவதை பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

சீமைக்குத் திரும்பவிருந்த ஒரு வெள்ளைக்காரர் தன் பழைய சின்னக் காரை அடிமாட்டு விலைக்கு என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தார். சொந்த வேலைக்குக் காரை எடுத்தால் லாரிக்கு டீசலும் டயரும் மிச்சம் என்று இவர் கணக்குப் போட்டார். கணக்கு சரிதான். சொந்தக்காரர்களை மட்டும் அதில் சேர்க்க மறந்துவிட்டார்.

லாரியில் ஏறினால் முதுகு வலிக்கும் என்றவர்களெல்லாம் காரைக் கேட்டு வந்தார்கள். பெண் பார்க்க, பிரசவத்துக்கு, பழனியில் மொட்டை போட. இல்லையென்று சொல்ல இவருக்கு வாய் வராது. பெட்ரோலும் எங்களுடையதுதான். கொஞ்ச நாளில் லாரியைவிடக் கார் அதிகம் தின்ன ஆரம்பித்தது.

"ஏங்க, வண்டி ரிப்பேருன்னு சொல்லிருங்க" என்றேன்.

சொன்னார். எல்லோரும் நம்பினார்கள். அப்புறம்தான் உறைத்தது, ரிப்பேரான காரை நாங்களும் வெளியே எடுக்க முடியாது. மறுபடியும் பட்டுச்சேலையோடு லாரி ஏறினேன். கார் தார்ப்பாய்க்குள் சுகமாக இருந்தது.

வத்தலக்குண்டில் மெக்கானிக்காக இருந்த என் தம்பிக்கும் செய்தி போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே டூல் பெட்டியோடு வந்து இறங்கினான். உண்மையைச் சொல்லலாமென்றால், காரை அதிகம் வாங்கிப்போன என் சின்ன மாமனார் வேடிக்கை பார்க்க வந்து நின்றுகொண்டார்.

தம்பி காரின் முன்பக்கம் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினான். ஒரே சுற்றில் எஞ்சின் எடுத்துக்கொண்டது.

"நல்லாத்தானப்பா ஓடுது" என்றார் சின்ன மாமனார்.

உள்ளே ஏதோ கோளாறு என்று இவர் முனகினார். மச்சான் சொன்னால் இருக்கத்தானே வேண்டும் என்று தம்பி கோளாறைத் தேடி எஞ்சினைக் கழற்றினான். சாக்கு விரித்து எல்லாவற்றையும் பரப்பி, துடைத்து, சாயங்காலம் திரும்ப மாட்டினான். கார் இருமியது. அதன் பிறகு எத்தனை சுற்றியும் எழவில்லை.

"மச்சான் சொன்னது சரிதான்க்கா. பெரிய கோளாறு" என்றான் கை கழுவியபடி.

மறுநாள் காரை லாரியில் ஏற்றி அவன் பட்டறைக்கு அனுப்பினோம். கொஞ்ச காலத்தில் அது நன்றாக ஓடுவதாகக் கேள்விப்பட்டோம். நாங்கள் திரும்பக் கேட்கவில்லை.