எடைமேடையில் டன் அக்கா

லாரி ஓட்டுகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் டன் அக்கா. பழைய காகிதத்தைக் கூழாக்கும் எங்கள் ஆலையில் பதினான்கு வருடமாக லாரிகளுக்கு எடை போடுகிறவள் அவள்தான். என்னைவிட ஆறு வயது இளையவள். ஆனாலும் வாசல் காவலாளியான எனக்கும் அவள் அக்கா, அவளுக்கு நான் அண்ணன். இந்த முறை எப்படி என்று யாரும் கேட்டதில்லை. பெயரைக் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அவளோ கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்து, "சொல்லு, இன்னிக்கு எதை ஒளிச்சு வச்சிருக்க?" என்று கேட்பாள். கூப்பிட்டவன்தான் நெளிவான்.

ஒளித்து வைப்பது தண்ணீரை. சுமையின் நடுவே காகிதத்தை நனைத்துவிட்டால் எடை கூடும். அதைப் பிடிக்க, புதிதாக வந்த மேலாளர் ஓர் இரும்பு ஏணி வாங்கினார். இனிமேல் எடை போடுகிறவரே ஏறிப் பார்க்க வேண்டும் என்றார். ஏணியில் ஒரு தகடு அடித்திருந்தது: 110 கிலோவுக்கு மேற்பட்டவர்கள் ஏறக் கூடாது. ஆலை மருத்துவர் அந்த வாரம்தான் அக்காவின் அட்டையில் 121 என்று எழுதியிருந்தார்.

"நாலு மாசம் டைம் தரேம்மா. குறையலைன்னா ஷெட்டுக்குப் போயிடு" என்றார் மேலாளர். ஷெட் என்பது நாள் முழுக்க நின்றபடி குப்பையிலிருந்து காகிதம் பொறுக்கும் இடம். எடையறை நாற்காலிக்கு அவருடைய மைத்துனன் காத்துக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும். கையோடு ஒரு டப்பாவையும் நீட்டினார். அவர் மனைவி விற்கும், எடை குறைக்கும் மாவு. ஆலையில் பாதிப் பேர் வீட்டில் அந்த டப்பா இருந்தது. என் வீட்டில் மூன்று. வேண்டாம் என்று சொல்ல எனக்கு முதுகெலும்பு இல்லை.

அக்காவும் ஒரு வாரம் குடித்துப் பார்த்தாள், காலையும் மதியமும் வெறும் மாவுக் கரைசல். ஆறாம் நாள் கண்ணை இருட்டிக்கொண்டு வந்ததில் இரண்டு லாரிகளின் எடைச் சீட்டை மாற்றிக் கொடுத்துவிட்டாள். பதினான்கு வருடத்தில் முதல் தப்பு. லாரிக்காரர்களே திரும்பி வந்து மாற்றிக்கொண்டு போனார்கள். அன்று அவள் அழுதாள். அழுகையில் முக்கால்வாசி கோபம்.

"பட்டினி கிடந்து வேலையைக் கெடுத்துக்கிட்டு, அப்புறம் எந்த வேலையைக் காப்பாத்தறதுண்ணே? நான் சாப்பிட்டுத்தான் குறைப்பேன். பாத்துடலாம்."

மறுநாள் மூன்றடுக்கு டப்பா வந்தது. கீழே கைப்பிடி சோறும் பருப்பும், நடுவில் அடைத்துப் பிதுங்கும் அளவுக்குக் காய், மேலே ஒரு முட்டையோ மீன் துண்டோ. அவள் கணவர் தையல்காரர். காய் நறுக்குவது அவர் வேலை. பீன்ஸ் எல்லாம் டேப் வைத்து வெட்டியதுபோல் ஒரே அளவில் இருக்கும். பூண்டும் மிளகும் வதக்கிய வாசனை எடையறையைத் தாண்டி மேலாளர் அறை வரை போகும். அவர் எழுந்து ஜன்னலைச் சாத்துவார். அக்கா கதவை இன்னும் கொஞ்சம் திறந்து வைப்பாள்.

போனது வேறு. லாரிக்காரர்கள் காணிக்கைபோல் கொண்டுவந்து வைக்கும் எண்ணெய்ப் பலகாரப் பொட்டலங்கள் போயின. ஆறு டீ இரண்டாகி, அதிலும் சர்க்கரை நின்றது. முதல் வாரம் விளக்கெண்ணெய் குடிக்கிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு குடித்தாள். முன்பெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே வண்டி எண்ணைக் கத்திக் கேட்பவள், ஒவ்வொரு லாரியின் பின்பக்கம் வரை நடந்துபோய்ப் பார்த்து வந்தாள். நாளைக்கு நாற்பது லாரி.

மேலாளர் சும்மா இருக்கவில்லை. திங்கள்தோறும் மதியம் அவள் லாரி நிறுக்கும் மேடையிலேயே ஏறி நிற்க வேண்டும், சீட்டை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவேன் என்றார். முதல் திங்கள் 120. அடுத்ததும் 120. அதற்கடுத்ததும் அதேதான்.

"சார், இது லாரிக்கான மேடை. இருபது இருபது கிலோவாத்தான் காட்டும். நான் நூத்திப் பத்துக்குக் கீழ போனாத்தான் நூறுன்னு விழும். அதுவரைக்கும் நூத்தி இருபதுலயே நிக்கும்."

"சாக்கு சொல்லாதம்மா. மெஷின் பொய் சொல்லுமா?"

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பலகையில் சீட்டுகள் வரிசையாக ஏறின. சாப்பாட்டு நேரத்தில் அதைப் பார்த்துச் சிரிக்க ஒரு கூட்டம் நின்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனாலும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு நாள் மறந்துவிட்டுப் போன டப்பாவைக் கொடுக்க அவள் கணவர் வந்தார். பலகையைப் பார்த்தார். "மூணு தடவை இவ சட்டையைப் பிடிச்சுத் தைச்சிருக்கேங்க. இந்த மெஷினுக்குக் கண்ணு தெரியாது போல" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் போனார்.

கெடு முடிகிற திங்கள். மைத்துனன் புதுச் சட்டை போட்டு வந்திருந்தான். மேடைக்குப் பக்கத்தில் ஒரு காகித லாரி ஏணியோடு காத்து நின்றது. அக்கா தோளில் துணிப்பையோடு வந்தாள். பையை என்னிடம் கொடுத்துவிட்டு மேடையின் நடுவில் போய் நின்றாள். எண்கள் ஓடி நின்றன.

100.

மேலாளர் எண் காட்டும் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "இது லாரி நிறுக்கற மெஷின். மனுஷ எடையெல்லாம் இதுல சரியா வராது."

"பதினாறு வாரமா சரியா வந்துச்சே சார். நீங்கதான ஒட்டுனீங்க? மெஷின் பொய் சொல்லுமா?"

சீட்டைக் கிழித்து, மற்ற சீட்டுகளுக்கு மேலே அவளே ஒட்டினாள். நான் கை தட்டினேன். மேலாளர் திரும்பிப் பார்த்தும் நிறுத்தவில்லை. அக்கா என்னிடமிருந்து பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தாள். மூச்சு வாங்கியது, இரண்டு இடத்தில் நின்றாள். ஆனாலும் உச்சிக்குப் போய்விட்டாள். சுமைக்குள் முழங்கை வரை கையை விட்டு, கூழாகிப்போன காகிதத்தை ஒரு பிடி எடுத்துக் காட்டினாள்.

"நடுவுல சொதசொதன்னு ஈரம் சார். வண்டியைத் திருப்பி அனுப்புங்க."

லாரிக்காரன் தலையைச் சொறிந்தான். மேலாளர் அண்ணாந்து பார்த்து, "சரி சரி, இறங்கும்மா" என்றார்.

அக்கா ஏணியின் மேல்தட்டில் வசதியாக உட்கார்ந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து மூன்றடுக்கு டப்பாவை எடுத்தாள். பூண்டு வாசனை கீழே எங்கள் எல்லோர் மீதும் இறங்கியது.

"சாப்பிட்டுட்டு இறங்கறேன் சார்."