துரைக்காகக் கிடைத்த லீவு

அஜ்மானில் ரூம் எடுத்துத் தங்கி, துபாய்க்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு விடியும்போதே பாதி உயிர் போய்விடும். மாதக் காசுக்கு ஆள் ஏற்றிப்போகும் கார் லிப்ட்காரரின் வண்டியில் பின்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஷார்ஜா நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போக வேண்டும். அந்த வழியில் நீளமான குட்டைச் சுவர் ஒன்று உண்டு. உள்ளே ஏதோ காலி மனை, இன்னும் டவர் எழும்பவில்லை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் தண்ணீர் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட, எங்கள் வண்டி அந்தச் சுவரோரமே கிடந்தது. எட்டிப் பார்த்தேன். மணலில் வரிசை வரிசையாகச் சின்னக் கற்கள். ஒன்றிலும் பேர் இல்லை. "கபரஸ்தான், பாய்" என்றார் பெஷாவர்க்கார டிரைவர். இந்த ஊர்க்காரர்கள் செத்தவரை மண்ணுக்குள் வைத்து, தலைமாட்டில் ஒரு கல்லை நட்டு, கலாஸ், முடிந்தது என்று போய்விடுகிறார்களாம். அடடா, எவ்வளவு நிம்மதி என்று தோன்றியது. ஏனென்றால் என் அலுவலகத்தில் ஒருவர், செத்து நூறு வருடத்துக்கு மேலான ஒரு மனுஷனின் கல்லைத் தேடி என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

அவர் எங்கள் மேனேஜர் ஹென்லி. இங்கிலாந்துக்காரர். கட்டட வரைபடம் போடும் கம்பெனி எங்களுடையது. நான் கம்ப்யூட்டரில் படம் வரைகிறவன். மதியச் சாப்பாட்டு நேரம் வந்தால் மனுஷன் இன்டர்நெட்டில் உட்கார்ந்துவிடுவார், தன் குலம் கோத்திரம் தேட. அவருடைய கொள்ளுத்தாத்தா கேப்டன் ஹென்லி, வெள்ளைக்காரன் காலத்தில் நம் தென்கோடியில் மிலிஷியா என்கிற படையில் அதிகாரியாக இருந்தவராம். சம்பளப் பட்டாளம் இல்லை அது. பருத்தி வியாபாரிகளும் தோட்ட முதலாளிகளும் கலகம் கிலகம் வந்தால் அடக்குவதற்குச் சேர்ந்து துப்பாக்கி பிடித்த படை. எங்கோ ஒரு கிராமத்தில் அவர் விழுந்தார் என்பதோடு குடும்பத்துக்குத் தெரிந்த கதை நின்றுபோயிருந்தது. ஒருநாள் அந்தக் கிராமத்தின் பேரை எப்படி உச்சரிப்பது என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். பார்த்தால் எங்கள் ஊர்!

எனக்குக் கை கால் ஓடவில்லை. ஏனென்றால் அந்தக் கேப்டனை எனக்குத் தெரியும். தெரியும் என்றால், சின்ன வயதிலிருந்து கும்பிட்டு வளர்ந்த சாமி அது. ஊருக்கு மேற்கே கருவேலங்காட்டுக்குள் அவரைப் புதைத்த இடத்தில் சுண்ணாம்பு பூசிய மேடை. அதுதான் துரைசாமி கோயில். வருஷா வருஷம் கொடைத் திருவிழாவில் சாராயமும் சுருட்டும் சுட்ட கோழியும் படைப்போம். என் அப்பாதான் அவருக்குச் சாமியாடி. பள்ளிக்கூடத்தில் மழைக்குக்கூட ஒதுங்காத மனுஷன், காக்கிக் கோட்டு மாட்டி, தலையில் தொப்பி வைத்து, வாயில் சுருட்டோடு நின்றார் என்றால் இங்கிலீஷ் மாதிரி ஒன்று பொரிந்து தள்ளுவார். கேட்கிற எங்களுக்கு ஈரக்குலை நடுங்கும். பிள்ளை தங்கவில்லை என்று அவரிடம் நேர்ந்துகொண்டு பிறந்தவன் நான். அதனால்தான் துரைப்பாண்டி.

"சார், அவரை நாங்கள் சாமியாகக் கும்பிடுகிறோம். எங்கள் அப்பாதான் அவருக்குச் சாமியாடி" என்றேன். ஹென்லி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "அவ்வளவு நேசித்தார்களா அவரை?" என்றார்.

என்னத்தைச் சொல்ல? எங்கள் ஊர்க் கதை வேறு மாதிரி. கருதறுக்க மாட்டோம் என்று நின்றவர்களைத் துரை புளியமரத்தில் கட்டிவைத்து தோல் உரிய உரிய அடித்திருக்கிறார். அந்த வாரமே காலரா வந்து அவரையும் அங்கேயே கிடத்திவிட்டது. கூட வந்த படை அவரைப் போட்டுவிட்டு ஓடிவிட்டது. அடிபட்டவர்களில் ஒருவர்தான் கடைசியாக வாயில் தண்ணீர் ஊற்றிக் குழியும் வெட்டியவர். அவர் எங்கள் பாட்டனுக்குப் பாட்டன். அப்புறம் ஊரில் பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் காய்ச்சலில் விழ, துரை கோபம் தீராமல் அலைகிறார், அவருக்குப் பிடித்ததைக் கொடுத்துச் சாந்தப்படுத்துங்கள் என்று குறி சொன்னார்களாம். "பயம், சார். பயந்துதான் கும்பிட்டார்கள்" என்றேன் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில். "தெய்வபயம்! அதைவிட உயர்ந்த மரியாதை உண்டா?" என்று என் தோளைத் தட்டினார்.

இந்த இடத்தில் என் அப்பாவின் சாவைச் சொல்லியாக வேண்டும். அது நடந்து அப்போது ஒரு வருஷம் முடியப் போகிறது. அன்றைக்கு எங்கள் டவர் ஹேண்டோவர், கட்டி முடித்ததை ஒப்படைக்கும் நாள். பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில். லீவு மாஃபி என்று ஆபீஸில் கையை விரித்துவிட்டார்கள். ஹென்லிகூட என் கையைப் பிடித்து வருத்தம் சொன்னார். சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போனார். தம்பி முருகேசன் குழிப்பக்கத்தில் நின்று போனைத் தூக்கிப் பிடிக்க, ஒப்பாரியையும் மண்வெட்டிச் சத்தத்தையும் நான் சைட்டில் லிப்ட் வாசலில் நின்று கேட்டேன். மூத்தவன் போட வேண்டிய முதல் பிடி மண்ணைத் தம்பிதான் போட்டான். இதைப் படிக்கிற ஊர்க்காரர்களே, பிள்ளை துபாயில் இருக்கிறான் என்று பெருமையாகச் சொல்கிறீர்களே, இதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். அம்மா அதன்பிறகு போனில் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "தலைத்திவசத்துக்காவது வந்துருவியாய்யா?" வருவேன் என்று சத்தியம் செய்திருந்தேன். லீவுக்கு எழுதிப்போட்டதும் திரும்பி வந்திருந்தது.

இப்போது ஹென்லி தானாகவே சொன்னார்: "பாண்டி, உனக்கு ஒரு வாரம் லீவு. டிக்கெட் நான் எடுக்கிறேன். சமாதியைப் படமெடுத்து வா. ஒரு பிடி மண்ணும் கொண்டு வா."

"சார், அடுத்த மாதம் போகட்டுமா? அப்பாவுக்கு ஒரு சடங்கு இருக்கிறது."

"அடுத்த மாதம் இங்கிலாந்தில் எங்கள் குடும்பம் முழுக்கக் கூடுகிறது. அதற்குள் படம் வேண்டும். நீ இந்த வாரமே கிளம்பு. உன் அப்பாதானே அந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிறார்? சடங்குக்கு என் வாழ்த்தைச் சொல். ஏர்போர்ட்டில் நல்ல விஸ்கி ஒன்று வாங்கி, என் பரிசாக அவர் கையில் கொடு."

மறந்துவிட்டார். கையைப் பிடித்து வருத்தம் சொன்னவர் சுத்தமாக மறந்துவிட்டார். சொல்ல வாயெடுத்தேன். லீவுத்தாளில் இன்னும் கையெழுத்து விழவில்லை. பேனா அவர் கையில் இருந்தது. "ரொம்ப நன்றி சார்" என்றேன். அப்போது எனக்கு என்மேலேயே வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

வீட்டுவாசலில் பையை இறக்கியதும் அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "திவசத்துக்கு இருப்பியாய்யா?"

"இல்லம்மா. அதுக்கு முன்னாடி போயிரணும்."

"பொறவு என்னத்துக்குய்யா இப்ப வந்த?"

துரை சமாதியைப் படமெடுக்க என்று சொன்னேன். அம்மா கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "செத்தும் அவுகளுக்குத்தான் மொத மரியாதை" என்று சொல்லிவிட்டுச் சோறு போட உள்ளே போனாள்.

மறுநாள் முருகேசனோடு கருவேலங்காட்டுக்குப் போனேன். துரைக்கு ஆடினவர்களை அவர் காலடியிலேயே அடக்குவது எங்கள் வழக்கம். அப்பாவும் அங்கேதான். ஒரு மழைக்காலம் போயிருந்ததால் மேடு கரைந்து, துரையின் மேடையோரத்து மண்ணோடு ஒன்றாகிக் கிடந்தது. நான் குனிந்து தடவித் தடவிப் பார்த்தேன். "எங்கலே தலைமாடு?" என்றேன். முருகேசன் ஒரு செங்கல்லைக் காட்டினான். உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அதுவரை துபாயில் அழ நேரமே வாய்க்கவில்லை.

பிறகு முருகேசன் கோழியைச் சுட்டான். நான் சுருட்டைப் பற்றவைத்து மேடையில் வைத்தேன். விஸ்கியைத் திறந்து துரைக்குப் பாதி ஊற்றினேன். மீதியை அப்பாவுக்கு ஊற்றினேன். "வெளிநாட்டுச் சரக்கு. அப்பா இருந்தா ஒரே ஆட்டந்தான்" என்று சிரித்தான் முருகேசன். பிறகு தயங்கி, "யண்ணே, அப்பா போனதுலருந்து துரை யாரு மேலயும் எறங்கல. அடுத்து ஒன்மேலதான் வரணும்னு பேசிக்கிடுதாவ" என்றான். "ஏற்கெனவே ஒரு துரைக்கு ஆடிக்கிட்டுத்தாம்ல இருக்கேன், ஆள விடு" என்றேன். கிளம்பும்போது ஹென்லிக்காக மண் அள்ளினேன். எங்கே துரை முடிகிறார், எங்கே அப்பா ஆரம்பிக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அள்ளியதை ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடினேன்.

படங்களைப் பார்த்து ஹென்லிக்குத் தலைகால் புரியவில்லை. மண்ணில் கொஞ்சத்தை இங்கிலாந்துக்கு எடுத்துப்போனார். மீதியைக் கண்ணாடி ஜாடியில் போட்டு, பித்தளைத் தகட்டில் கேப்டன் ஹென்லி என்று பொறித்து, தன் மேஜைமேல் வைத்துக்கொண்டார். வரைபடத்தோடு போய் நிற்கும்போதெல்லாம் என் கண் முன்னால் அது இருக்கும்.

அப்பாவின் தலைத்திவசம் ஒரு வேலைநாளில் வந்தது. இங்கிலாந்திலிருந்து ஹென்லி அதற்குள் திரும்பியிருந்தார். ஊரில் படையல் போடும் நேரத்துக்கு, தேவையே இல்லாத ஒரு வரைபடத்தை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குள் போனேன். ஜாடியைப் பார்த்து நின்றேன். கை தானாகக் கூப்பிக்கொண்டது. ஹென்லி நிமிர்ந்து பார்த்தார். தனக்குத்தான் என்று நினைத்து, முகம் மலர எழுந்து நின்று, அவரும் எனக்குக் கை கூப்பினார்.