கேஸில் ஓடிய ஜீப்

சித்தப்பாவின் ஜீப்புக்கு ஸ்டீரிங் இடது பக்கம் இருந்தது. பட்டாளத்தில் வேண்டாமென்று ஏலத்தில் தள்ளிய வண்டி. மதுரைக்குப் பக்கத்தில் பரவையைத் தாண்டி இருக்கிற எங்கள் ஊரில் யாரும் அதை ஒரு வண்டியாகவே மதிக்கவில்லை. சித்தப்பா மட்டும் வீட்டுக்கு வந்த சம்பந்தியைப் போல அதைக் கவனித்துக்கொண்டார். முன்சக்கரமும் இழுக்கும் என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை. வேண்டுமென்றே கண்மாய்ச் சேற்றில் இறக்கி, கியருக்குப் பக்கத்திலிருக்கும் குட்டைக் கம்பியைத் தள்ளி, நாலு சக்கரமும் சேர்ந்து கரையேறுவதைக் காட்டுவார். முதலில் எதற்காக அதில் இறங்கினோம் என்று நான் ஒரு தடவை கேட்டேன். அதன் பிறகு கொஞ்ச நாளைக்கு என்னை வண்டியில் ஏற்றவில்லை.

பிறகு பெட்ரோல் விலை ஏறு ஏறென்று ஏறியது. தாத்தா, அதாவது அப்பாவுடைய அப்பா, சந்தோஷப்பட்டார். இனிமேலாவது அந்தச் சனியன் கொட்டகையில் கிடக்கும் என்று நினைத்தார் பாவம். யுத்த காலத்தில் பஸ்களெல்லாம் அடுப்புக்கரியில் ஓடிய கதையைச் சித்தப்பா எங்கேயோ கேட்டுவிட்டு வந்தார். கோரிப்பாளையத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த பாய் ஒருவரைப் பிடித்து, என் உயரத்துக்கு ஒரு இரும்பு டிரம் செய்து ஜீப்பின் முதுகில் மாட்டினார். அதில் கருவேலங்கரியைக் கொட்டி, அடியில் தீ வைத்து மூடி, பக்கத்திலிருக்கும் காற்றாடியைக் கையால் சுற்ற வேண்டும். புகை மெல்ல மெல்ல வாயுவாகும். அந்த வாயு தேங்காய்நார் அடைத்த பெட்டிக்குள் போய்ச் சுத்தமாகி இஞ்சினுக்குப் போகும். கிளப்புவதற்கு மட்டும் துளி பெட்ரோல். இவ்வளவையும் செய்து முடிப்பதற்குள் பரவைச் சந்தைக்கு நடந்து போய்க் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம். ஆனால் ஓடியது. இருமிக்கொண்டே ஓடியது.

காற்றாடி சுற்றுகிற வேலை அத்தையுடையது. அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை, சித்தப்பாவுக்கும் இளையவள். மதுரையில் டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தாள். லீவுக்கு வந்தால் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு டிரம்முக்குப் பின்னால் போய் நின்றுவிடுவாள். வாயு வருகிற குழாயில் கொளுத்திய ஈர்க்குச்சியைக் காட்டி, நீலமாகப் பிடித்தால், "அண்ணே, ஏறுண்ணே!" என்று கத்துவாள். ஒரு வயசுப்பெண் இப்படிக் கரியும் முகமுமாய் நிற்பது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அத்தைக்கு அது பிடித்திருந்தது. விஷயம் அவ்வளவுதான்.

படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கும்போது செக்கானூரணிப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம், நிறைய நிலம். பெண்ணைப் பார்க்கும் முன்னாலேயே, படித்தவரைக்கும் போதும், இந்த ஆவணியிலேயே முடித்துவிடலாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். "ஒரு வருசம்ப்பா. ஒரே ஒரு வருசம் பொறுக்கச் சொல்லுங்கப்பா" என்று அத்தை தாத்தாவிடம் கேட்டாள். நானும் அங்கேதான் இருந்தேன். தாத்தா வெற்றிலையை மென்று முடித்துவிட்டு, "நல்ல எடம் நமக்காகக் காத்துக்கிட்டு நிக்குமாத்தா?" என்றார். சித்தப்பா ஜீப்புக்கு அடியில் படுத்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். முறுக்குகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் நின்றிருந்தது. எனக்குக் கல்யாணத்துக்குப் பட்டுப்பாவாடை எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள், அதனால் அந்தச் சம்பந்தம் எனக்குப் பரம திருப்தி.

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா உள்ளறையில் அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்தார். வாசலில் நிற்கும் ஜீப்பைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தார்.

"பெட்ரோலு விக்கிற வெலைக்கு இத வச்சுக் கட்டுபடியாகுதாத்தா?"

"பெட்ரோலு இல்லீங்கம்மா. இப்ப கேஸ்லதான் ஓடிக்கிட்டிருக்கு" என்றாள் அத்தை.

அந்த அம்மாளின் முகம் மாறிவிட்டது. "கேஸ்லயா? எம்புட்டு நாளா?"

"ஆறு மாசமா ஓடுதும்மா."

"யாரு பாக்குறா?"

"எங்க சின்னண்ணந்தான். எங்கப்பா வேணாம்னு எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டாரு. அவுக கேக்கல."

"சீக்கிரம் முடிஞ்சிருமா?"

"எங்க முடியுதும்மா! ஒண்ணச் சரிபண்ணுனா இன்னொண்ணு கெளம்புது."

நான் பக்கத்தில் உட்கார்ந்து கேசரி தின்றுகொண்டிருந்தேன். அத்தை சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று இப்போதும் சொல்வேன். எங்கள் பக்கத்து வாயில் கரிவாயுவும் கேஸ்தான், கோர்ட்டு வழக்கும் கேஸ்தான். அத்தை எந்தக் கேஸை நினைத்துச் சொன்னாள், தெரிந்து சொன்னாளா தெரியாமல் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் சிரிக்கிறாள்.

சில நாளில் தரகர் வந்தார். கோர்ட்டு, கேஸ் என்று அலைகிற குடும்பத்தில் கொடுக்கல் வாங்கல் வேண்டாமென்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்களாம். நாளைப் பொழுதுசாய அவர்கள் இன்னொரு இடத்தில் வெற்றிலை பாக்கு மாற்றப் போகிறார்களாம். கோர்ட்டு வாசலைக் கண்ணால்கூடப் பார்க்காத தாத்தா கோபத்தில் துள்ளிக் குதித்தார். எந்தக் கேஸ் என்று விசாரித்து விசாரித்து, கடைசியில் விஷயம் டிரம்மில் வந்து நின்றது.

"எலேய், காலையில அந்த வண்டியவே ஓட்டிக்கிட்டுப் போ. அவுக வாசல்ல நிப்பாட்டி, மூடியத் தொறந்து, கரிய அள்ளிக் காட்டிட்டு வா. பொழுதுசாயறதுக்குள்ள போயிச் சேரணும், சொல்லிப்பிட்டேன்" என்றார் சித்தப்பாவிடம். நல்ல காரியத்துக்கு ஒற்றை ஆளாகப் போகக்கூடாது என்று என்னையும் ஏற்றிவிட்டார்கள். அன்று காலை காற்றாடியை அத்தைதான் சுற்றினாள். குச்சியைக் காட்டினாள், நீலமாகப் பிடித்தது. ஏறுண்ணே என்று மட்டும் சொல்லவில்லை. குச்சியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வண்டி அன்றைக்கு ஓடிய மாதிரி என்றைக்கும் ஓடியதில்லை. இருமல்கூட இல்லை. கோரிப்பாளையம் தாண்டி, ஆற்றுப்பாலம் தாண்டி, காளவாசல் வந்துவிட்டோம். செக்கானூரணிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். அங்கே ஓரங்கட்டி, இறங்கி, டிரம்மைச் சுற்றி வந்தார் சித்தப்பா.

"வண்டி நின்னுபோச்சு" என்றார்.

"இல்ல சித்தப்பா, ஓடுதுல்ல?" என்றேன். இஞ்சின் கடகடவென்று என்னை ஆட்டிக்கொண்டிருந்தது.

கையை உள்ளே விட்டு அணைத்தார். "இப்பப் பாரு, நின்னுபோச்சா?"

நின்றுதான் போயிருந்தது. ரோட்டோரக் கிளப்புக்கடையில் புரோட்டா சால்னா வாங்கிக் கொடுத்தார். ஐஸ் வாங்கிக் கொடுத்தார். வேப்பமரத்து நிழலில் துண்டை விரித்துப் படுத்துத் தூங்கினார். நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து போகிற வருகிற பஸ்களைப் பார்த்தேன். செக்கானூரணி எப்போது வரும் என்று இரண்டு தடவை கேட்டதற்கு, "அது எங்கயும் போகாது, அங்கனதான் கெடக்கும்" என்றார். வெயில் தாழ்ந்ததும் எழுந்து, தீயைக் கிளறி, காற்றாடியை அவரே சுற்றி, வண்டியை வந்த வழியே திருப்பினார்.

ஊர் எல்லையில் கண்மாய்க்கரை வரைக்கும் ஜம்மென்று வந்தோம். அங்கே மறுபடி அணைத்துவிட்டு, உழுதுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த அவருடைய சிநேகிதரைக் கூப்பிட்டார். "மாப்ள, மாட்டப் பூட்டு. வீடு வரைக்கும் இழுத்து விடு."

"ஏய், இப்பத்தான ஓட்டிக்கிட்டு வந்த? கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

"பூட்டுடா, சொல்றேன்."

எனக்கும் புரியவில்லை. கேட்டேன். மாடு இழுத்தால் கரி மிச்சம் என்றார். சரியான கணக்காகத்தான் பட்டது. கரிப்பைக்குள் கைவிட்டு என் கன்னத்தில் இரண்டு இழுப்பு, தன் முகத்தில் நாலு இழுப்பு இழுத்துக்கொண்டார்.

இரண்டு மாடுகள் இழுக்க, பட்டாளத்து ஜீப் ஊருக்குள் நுழைந்தது. அந்த ஊர்கோலத்தைப் பார்க்க வராதவர்கள் இல்லை. "என்னண்ணே, கேஸு தோத்துப் போச்சா?" என்று ஒருவன் கத்தினான். ஊரே சிரித்தது. தன் வண்டியை யாராவது ஒரு சொல் சொன்னால் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாத சித்தப்பா, ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

தாத்தா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "ஒரு நல்லது கெட்டதுக்கு ஒதவுச்சா இந்த எழவெடுத்த வண்டி? பொழுதும் சாஞ்சுபோச்சே!"

"கரி நமத்துப் போச்சுப்பா. காலையிலயே தீ அவிஞ்சிருச்சு. அப்பறம் பத்தவே இல்ல" என்றார் சித்தப்பா.

தாத்தா என் பக்கம் திரும்பினார். "எங்கத்தா நின்னுச்சு?"

"காளவாசல்ல" என்றேன். நான் பொய் சொல்கிற பிள்ளை இல்லை.

திட்டித் தீர்த்துவிட்டுத் தாத்தா உள்ளே போனார். அத்தை ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து சித்தப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். நிமிர்கிறபோது டிரம்மில் உள்ளங்கையை வைத்தாள். வைத்தவள் சுரீரென்று இழுத்துக்கொண்டாள். காலையில் அவிந்த தீ அப்படிச் சுடாது என்று அவளுக்குத் தெரியாதா? அவள் அண்ணனைப் பார்த்தாள். அவர் குனிந்து முகத்தில் தண்ணீரை வாரி வாரி அடித்துக்கொண்டிருந்தார். "அண்ணே" என்றாள். அவர் இன்னொரு கை தண்ணீரை அள்ளினார். அத்தை அங்கேயே நின்று அழ ஆரம்பித்தாள்.

நான் உள்ளே ஓடி, அத்தைக்குக் கை சுட்டுவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா தேங்காய் எண்ணெயுடன் ஓடிவந்து, அத்தையின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்கடி சுட்டுச்சு? ஒண்ணையும் காணோமே!" என்றாள். ஒரு கொப்புளம்கூட இல்லை. இதற்குப் போயா ஒருத்தி இப்படி அழுவாள் என்று, மறுநாள் முழுக்க அத்தையின் பின்னாலேயே போய் அழுமூஞ்சி, அழுமூஞ்சி என்று கேலி செய்துகொண்டிருந்தேன்.