முப்பத்திரண்டும் பதினான்கும்

என் அண்ணி வாரத்தில் ஆறு நாள் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பார். ஏழாவது நாள் பன்றி சுடப் போவார். பயப்பட வேண்டாம், பன்றி பலகையில் வரைந்தது. எங்கள் துப்பாக்கி கிளப்பில் ஐம்பது மீட்டர் தள்ளி ஒரு சின்னத் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். அதன் மேல் அந்தப் பலகை பத்து மீட்டர் தூரம் குறுக்கே ஓடும். ஐந்து நொடிதான் கண்ணில் படும். அதற்குள் அடித்தால் உண்டு.

முதலில் கிளப்பில் சேர்ந்தது என் அண்ணன்தான். அண்ணி துணைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்து பித்தான் கட்டிக்கொண்டிருப்பார். ஒரு நாள் சும்மா இருக்க முடியாமல் ரைஃபிளை வாங்கிப் பார்த்தார். மூன்று மாதத்தில் அண்ணன் முதுகுவலி என்று கழன்றுகொண்டார். அண்ணி ஒன்பது வருடமாகப் போகிறார். "முப்பது வருஷமா ஓடுற துணியில ஊசியை எங்க நிறுத்தணும்னு பார்க்கிறேன். இந்தப் பன்னி அதைவிட மெதுவாத்தான் ஓடுது" என்பார்.

கிளப் வாசலிலேயே என் கடை. ரைஃபிளில் மாட்டும் ஸ்கோப், பைனாகுலர், துடைக்கிற எண்ணெய் எல்லாம் விற்கிறேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. பெட்டி மேல் இருக்கும் எண்களைப் படிக்கத் தெரியும், வியாபாரத்துக்கு அது போதும் என்றிருந்தேன்.

போன வருடம் பெரிய மனசு பண்ணி, பன்னிரண்டு மடங்கு பெரிதாகக் காட்டும் ஸ்கோப் ஒன்றை அண்ணிக்குப் பரிசாகக் கொடுத்தேன். "பன்னியோட கண்ணிமைகூட தெரியும் அண்ணி" என்று பீற்றிக்கொண்டேன். அதுதான் வினையாகிப் போனது. தொடர்ந்து மூன்று போட்டியில் அண்ணி கோட்டை விட்டார்.

"தம்பி, நீ கொடுத்ததுல பன்னியோட ரோமம் தெரியுது. பன்னியத்தான் காணோம். காதைப் பிடிக்கிறதுக்குள்ள வால் போயிடுது."

இருக்காதா? பெரிதாகக் காட்டக் காட்ட, ஸ்கோப்பில் தெரியும் இடம் சுருங்கிவிடும். ஐம்பது மீட்டரில் அந்த ஸ்கோப் காட்டிய அகலம் ஒன்றரை மீட்டர்கூட இல்லை. ஓடுகிற பன்றியை ஜன்னல் சந்து வழியாகத் தேடுவது மாதிரி.

கிளப் செயலாளர் கறாரான ஆள். ரகசியம் பேசினாலும் தெருக்கோடிக்குக் கேட்கும் என்பதால் அவருக்கு 'ஒலிபெருக்கி' என்று பெயர். அவர் அண்ணியிடம், "அம்மா, சனிக்கிழமை பத்து ஓட்டம் விடறேன். ஏழு அடிச்சா அணியில இருங்க. இல்லேன்னா உங்க இடம் வரிசையில நிக்கிற பேக்கரிக்காரருக்கு" என்று சொல்லிவிட்டார். அண்ணிக்கு முகம் விழுந்துவிட்டது. அன்றைக்கு ஒரு ரவிக்கைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டார் என்று அண்ணன் சொன்னார். அப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

புதன்கிழமை அண்ணி கடைக்கு வந்தார். நான் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தேன். இரண்டிலும் மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்குவரை திருகிக்கொள்ளலாம். மூன்றில் வைத்தால் எவ்வளவு அகலம் தெரியும் என்று பெட்டியில் போட்டிருந்தது. ஒன்றில் 32. இன்னொன்றில் 14.

"இதுல என்ன அண்ணி யோசனை? முப்பத்திரண்டை எடுங்க. டபுளுக்கு மேல."

அண்ணி மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முப்பத்திரண்டு என்ன?"

"முப்பத்திரண்டுன்னா முப்பத்திரண்டுதான்."

"முப்பத்திரண்டு துணி வேணும்னு என் கடையில வந்து கேட்பியா? இதுல அடின்னு போட்டிருக்கு. நூறு கஜத்துல முப்பத்திரண்டு அடி. அதுல நூறு மீட்டர்ல பதினாலு மீட்டர். கஜத்துக்கு மூணு அடிடா தம்பி, முப்பத்திரண்டு அடி பதினோரு கஜம்கூட வராது. மீட்டர் அதைவிட நீளம். நான் ரெண்டு அளவுலயும் துணி வாங்கினவ."

எனக்கு ஏறவில்லை. பதினைந்து வருடமாக ஸ்கோப் விற்கிறவனுக்குத் தையல்காரி பாடம் எடுப்பதா? "கணக்கை விடுங்க அண்ணி, கண்ணால பார்த்துடலாம். நான் சொன்னது தப்பா இருந்தா நீங்க சொன்னபடி கேட்கிறேன்" என்று வாயைக் கொடுத்தேன்.

"அப்போ நான் தைக்கிற சட்டையைப் போட்டுக்கிட்டு ஒரு வாரம் கடையில உட்காரணும்."

இருபது வருடமாக நான் சாம்பல் நிறச் சட்டை தவிர வேறு போட்டதில்லை. அது அண்ணி கண்ணை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

கிளப்பில் யாரும் சுடாத நேரமாகப் பார்த்துப் போனோம். அண்ணி ஒரு கயிற்றில் வெட்டுத்துணித் துண்டுகளை அரை மீட்டருக்கு ஒன்றாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். தண்டவாளத்தின் மேலாகக் கயிற்றை இழுத்துக் கட்டினோம். ஸ்கோப்பை மட்டும் மணல்மூட்டை மேல் வைத்து, மூன்று மடங்குக்குத் திருகி, நான் குனிந்து எண்ணினேன்.

முப்பத்திரண்டில் பதினொரு துண்டு தெரிந்தது. பதினான்கில் பதினான்கு.

மறுபடி எண்ணினேன். மூட்டையை நகர்த்தி எண்ணினேன். கண்ணைக் கசக்கிவிட்டு எண்ணினேன்.

"துணி கிழிஞ்சுடப் போகுது, போதும் வா" என்றார் அண்ணி.

சனிக்கிழமை பதினான்கு மீட்டர் ஸ்கோப்பை மாட்டிக்கொண்டு அண்ணி நின்றார். முதல் ஓட்டம் தவறியது. இரண்டாவதும் போனது. புது ஸ்கோப்பில் பன்றி சின்னதாகத் தெரிந்ததால் கை தயங்கியிருக்கிறது. இன்னும் ஒன்றுதான் தவறலாம். பேக்கரிக்காரர் எழுந்து தன் மேல்கோட்டைச் சரிசெய்துகொண்டார். மனுஷியை இந்த நிலைக்குக் கொண்டுவந்ததே என் பரிசுதானே.

அண்ணி ரைஃபிளை இறக்கினார். தோளை ஒரு உலுக்கு உலுக்கினார். "விடுங்க" என்றார்.

மூன்றாவது பன்றிக்கு மூக்கிலேயே விழுந்தது. நான்கு, ஐந்து, ஆறு. ஓரத்தில் பன்றி நுழையும்போதே பார்த்துவிடுகிறார். அது வரும் வேகத்துக்கு முன்னால் போய்க் காத்திருக்கிறார். கடைசி எட்டில் ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒலிபெருக்கி, "எட்டு! அம்மா அணியில இருக்காங்க!" என்று கத்தியதில் வேலி மேலிருந்த காக்கைகள் பறந்தன. பேக்கரிக்காரரே முதலில் கை தட்டினார். நல்ல மனுஷன்.

திங்கட்கிழமை முதல் என் கடையில் ஒவ்வொரு பெட்டியிலும் நான் எழுதி ஒட்டிய சீட்டு இருக்கிறது. எல்லாம் மீட்டரில். கணக்குப் போட்டுக் கொடுத்தது யாரென்று சொல்ல வேண்டியதில்லை. இதற்கு முன்னால் 32-ஐ நம்பி வாங்கிப் போனவர்கள் யாராவது இதைப் படித்தால் ஸ்கோப்பை எடுத்துக்கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறேன்.

அன்று காலையிலேயே சட்டையும் வந்தது. கிளிப்பச்சை, மேலே மஞ்சள் பூ. அச்சு எடுத்த மாதிரி பொருந்தியது.

"எப்ப அண்ணி தைச்சீங்க?"

"வெட்டி வச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. ஒரு சாக்கு கிடைக்கலை."

சட்டைப் பையில் என் அளவு எழுதிய சீட்டு கிடந்தது. மார்பு 107 என்றிருந்தது. பார்த்ததும் நான் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன் போலிருக்கிறது.

"ரொம்ப விடைக்காதே தம்பி" என்றார் அண்ணி. "அது சென்டிமீட்டர்."