திறப்பு விழாவுக்கு வந்த சீர்

ஒரு எவர்சில்வர் தாம்பாளம். அதில் பூவன் பழம் ஒரு சீப்பு, வெற்றிலை பாக்கு, இரண்டு தேங்காய், நடுவில் புதிதாக வாங்கிய காமாட்சி விளக்கு. கடலூர் ரோட்டுப் பேருந்தில் நின்றபடியே அதைக் கவிழாமல் கொண்டுவந்திருந்தார் பெரியக்கா. வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அல்ல, புதுச்சேரி நகரத்தின் நடுவில் கீழே கடைகளும் மேலே இருநூறு வீடுகளுமாக எழும்பிய ஒரு வளாகத்தின் திறப்பு விழாவுக்கு.

கிருமாம்பாக்கத்திலிருந்து நான்கு வருடம் அங்கே சித்தாள் வேலைக்கு வந்தவர். என் வயதுதான் இருக்கும், ஆனாலும் சைட்டில் எல்லோருக்கும் பெரியக்கா. ஒவ்வொரு கதவு நிலை நிறுத்தும்போதும் மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பார். கடைகளின் இரும்பு ஷட்டரைக்கூட விடவில்லை. "வூடுன்னா பொட்டு வைக்காம வுடலாமா சார்?" என்பார். நான் ஸ்டோர் கீப்பர். வில்லியனூர்ப் பக்கம் சேற்றில் வளர்ந்தவன்தான், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியதும் பெரிய அதிகாரி என்று நினைப்பு வந்துவிட்டது.

திறப்பு விழாவுக்கு வாசலில் பேனர் கட்டினார்கள். "இன்னா சார் போட்டிருக்கு?" என்று பெரியக்கா கேட்டார். 'அனைவரும் குடும்பத்துடன் வருக' என்றிருந்தது. "உன்னத்தான் கூப்பிட்டிருக்காங்க. மொத சீரு பெரியக்கா வூட்டுதாம், ஓனரே சொல்லிட்டாரு" என்றேன். பின்னால் பெயிண்ட் அடிக்கிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"மெய்யாலுமா சார்? எம் பொண்ணுக்கு மடுகரையில ஒரு எடம் வந்திருக்கு. சித்தாளு வூட்ல பொண்ணு எடுக்கறதான்னு இழுத்துக்கினு இருக்காங்க. அவங்களயும் இட்டுக்கினு வரேன். நம்ம மரியாதய கண்ணால பாக்கட்டும்."

விளையாட்டுக்குச் சொன்னேன் என்று அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சம்பந்தி வீட்டாரும் வந்தால் கூத்து இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. உண்மை அதுதான்.

வந்தார்கள். பட்டுப்புடவையில் பெரியக்கா, பக்கத்தில் மகள், பின்னால் மாப்பிள்ளையின் அம்மாவும் மாமாவும். காவலாளி மறித்தான். "தோ, எங்க சாரு நிக்கறாரு, அவரக் கேளு" என்று என்னைக் கை காட்டினார். பக்கத்தில் மேனேஜர் இருந்தார். யார் இவர்கள் என்று கேட்டார்.

"தெரியல சார்" என்றேன்.

வேலை போய்விடும் என்ற பயம் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அந்தத் தாம்பாளத்தோடு எனக்குப் பழக்கம் உண்டு என்று தெரிவதே வெட்கமாக இருந்தது. "கடை தெறக்கறதுக்குச் சீரா?" என்று மேனேஜர் சிரித்துவிட்டுக் கைப்பேசியில் படம் எடுத்தார். விற்பனைப் பிரிவுப் பெண்கள் தாம்பாளத்தோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். மகள் தாம்பாளத்தை அம்மாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"ஏன் சார்?" என்றார் பெரியக்கா. நான் கையிலிருந்த விருந்தினர் பட்டியலைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவர் வேலைக்கு வரவில்லை. மடுகரை சம்பந்தம் முறிந்துவிட்டது என்று மேஸ்திரி சொன்னார். "அடப்பாவமே" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடித்தேன்.

இப்போது அதே வளாகத்தில் நான் விற்பனை மேலாளர். அலுவலக விருந்துகளில் இந்தக் கதையை எத்தனையோ முறை சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். பெரியக்காவின் பேச்சை அப்படியே பேசிக் காட்டுவேன். அது என் அம்மாவின் பேச்சும்தான் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

போன மாதம் வீட்டில் சாப்பிடும்போதும் இதே கதையைச் சொன்னேன். பிளஸ் டூ படிக்கும் என் மகள் சிரிக்கவில்லை. சோற்றில் கை வைத்தபடி கேட்டாள்: "அப்பறம் அவங்க பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சாப்பா?"

கிருமாம்பாக்கம் இங்கிருந்து அரை மணி நேரம்தான். ஒரு நாளும் போய் விசாரித்ததில்லை.

"ஆச்சும்மா. அதே மடுகரையிலதான்" என்றேன். "நான்கூடப் போய்ச் சாப்பிட்டுட்டு வந்தேன்."