பேசி முடித்தது யார்?

முத்துப்பேச்சிக்கு இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் காது கேட்காமல் போனது. விருதுநகரில் விடுதியோடு இருந்த காதுகேளாதோர் பள்ளியில் எட்டாம் வகுப்புவரை படித்தாள். அப்பா இறந்ததும் சொந்த ஊரான நாரணாபுரத்துக்கே திரும்பிவிட்டாள். இப்போது முப்பத்தாறு வயது. தம்பி அய்யப்பன் வீட்டில் இருக்கிறாள். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் தினசரி காலண்டர்களின் மேல்விளிம்பில் தகரப் பட்டை அடிக்கும் வேலை. இயந்திரச் சத்தத்தில் தலைவலிக்கிறது என்று மற்றவர்கள் எழுந்து வெளியே போகும்போதும் அவள் நிமிராமல் வேலை பார்ப்பாள்.

ஒரு மாலை வேலை முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றாள். திடீரெனக் காலடியில் தரை அதிர்ந்தது. வெடிமருந்து வாடை. எதிரே நின்றவர்கள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். திரும்பினால், மூன்று வாலிபர்கள். ஒருவன் கையில் செல்போன். அவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அடுத்த வாரத்தில் இன்னும் இரண்டு முறை இப்படி நடந்தது. நான்காவது முறை வெடித்த வெடியில் சேலை பற்றிக்கொண்டது. பூக்காரம்மா ஓடிவந்து வாளித் தண்ணீரை ஊற்றினாள். இடது கெண்டைக்கால் வெந்துபோனது.

இரண்டு நாள் கழித்து, தம்பி மனைவி ஸ்ரீமதி செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். நான்கு வெடிகளையும் ஒன்றாக ஒட்டி, 'செவிடு டெஸ்ட்' என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். வெடி போட்டவன் அவர்கள் தெரு விக்னேஷ்குமார். தன் முதுகுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதை முத்துப்பேச்சி முதல்முறையாகப் பார்த்தாள். அதைவிட அவளுக்கு விளங்காதது தன் முகம்தான். அந்த முகம் ஏன் சிரித்தது?

அய்யப்பன் அவளைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனான். ஏட்டு பாண்டிச்செல்வம் வீடியோவைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

"பயலுக வெளாட்டுக்குப் போட்ருக்கானுக. இங்கன பாரு, ஒங்க அக்காவே சிரிக்குது."

"ஒரே தெருங்கய்யா. நாளைக்கு மூஞ்சில முழிக்கணும்," என்றான் அய்யப்பன்.

"அதத்தான் நானும் சொல்றேன். ஆஸ்பத்திரிச் செலவ அவுக பாத்துக்கிடட்டும்."

முத்துப்பேச்சி இருவர் வாயையும் மாறிமாறிப் பார்த்தாள். ஏட்டுக்கு மீசை அடர்த்தி; உதடு தெரியவில்லை. கடைசியில் நெருக்கி எழுதிய ஒரு தாளை நீட்டினார்கள். தம்பி விரலால் இடத்தைக் காட்டினான். புகார் எழுதிவிட்டார்கள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

ஆனால் மறுநாள் விக்னேஷ்குமார் அதே பேருந்து நிறுத்தத்தில் நின்றான். அவளைப் பார்த்துக் கும்பிடு போட்டுச் சிரித்தான். வீட்டுக்கு வந்து, என்ன ஆயிற்று என்று சைகையில் கேட்டாள். அவளுக்காக வீட்டில் மாட்டியிருந்த கரும்பலகையில் ஸ்ரீமதி எழுதினாள்: 'பேசி முடிச்சாச்சு.'

முத்துப்பேச்சி அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அடியில், சைகையின் போக்கிலேயே எழுதினாள்: 'நான் பேச இல்லை. யார் பேச?'

ஸ்ரீமதி பலகையைத் துடைத்துவிட்டாள்.

மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுத் தனியாகக் காவல் நிலையம் போனாள். உள்ளே போனபிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. வாசலில் இருந்த காவலர் போகச் சொல்கிறாரா உட்காரச் சொல்கிறாரா என்பதும் புரியவில்லை. உட்கார்ந்துவிட்டாள். ஒரு மணி நேரம் கழித்து, புதிதாக வந்திருந்த எஸ்.ஐ. சுகிர்தா அவளைக் கவனித்து உள்ளே கூப்பிட்டாள்.

சுகிர்தா முதலில் மெதுவாகப் பேசினாள். பிறகு சத்தமாகப் பேசினாள். பிறகு எழுதிக் காட்டினாள். முத்துப்பேச்சி எழுதிய பதில், 'தாள் நான் தெரியாது. கால் தீ. அவன் சிரிப்பு.' யாருடைய தாள், யாருடைய சிரிப்பு என்று சுகிர்தாவுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் எங்கெங்கோ விசாரித்து, காதுகேளாதோர் பள்ளி ஆசிரியை பிரீத்திகாவை வீடியோ அழைப்பில் பிடித்தாள்.

"டீச்சர், நான் கத்திக் கத்திப் பாத்துட்டேன். அவுகளுக்கும் வெளங்கல, எனக்கும் வெளங்கல."

"கத்தாதீங்க மேடம். போனை அவங்க கை தெரியிற மாதிரி வைங்க."

அப்போதும் சுலபமாக இல்லை. முத்துப்பேச்சி பள்ளியை விட்டு இருபது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. பள்ளிச் சைகையோடு வீட்டில் அவளே உண்டாக்கிய சைகைகளும் கலந்திருந்தன. பிரீத்திகா ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தடவை கேட்டாள். கேட்டுக் கேட்டு, நடந்ததெல்லாம் வெளியே வந்தது.

"சிரிச்சது ஏன்னு கேளுங்க டீச்சர். கோர்ட்டுல அதத்தான் மொதல்ல கேப்பாக."

 முத்துப்பேச்சியின் கைகள் அசைந்தன; பிரீத்திகா சொல்லிக்கொண்டே வந்தாள்.

"எல்லாரும் பாத்தாங்களாம். எதுக்குன்னு தெரியலையாம். சிரிச்சா விட்டுருவாங்கன்னு தோணுச்சாம். இல்ல... சரியாச் சொல்லத் தெரியலைன்னு சொல்றாங்க."

சுகிர்தா ஏட்டைக் கூப்பிட்டாள். "ஏட்டையா, என்னன்னு தெரியாமலே இவுக சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்ருக்காக."

"தம்பிதான் கூட இருந்தானேம்மா. சின்னப் பயலுக வெளாட்டு..."

"நாலு தடவ போட்ருக்கான். காது கேக்குற ஆளு பின்னாடி ஒரு தடவயாச்சும் போட்டானா?"

ஏட்டு வீடியோவை மறுபடி வாங்கிப் பார்த்தார். 

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தையும் சேர்த்து வழக்குப் பதிவானது. மூவரையும் கைது செய்தார்கள். சில நாளில் ஜாமீனில் வந்துவிட்டார்கள். விக்னேஷ்குமாரின் அம்மா இவர்கள் வீட்டு வாசலுக்கு வந்து இரண்டு கைகளையும் மேலே தூக்கி ஏதோ சொன்னாள். கெஞ்சுகிறாளா, சபிக்கிறாளா என்று முத்துப்பேச்சிக்குத் தெரியவில்லை. ஸ்ரீமதியைப் பார்த்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு மாதம் அய்யப்பன் அக்கா பக்கம் முகத்தையே திருப்பவில்லை. முகம் திரும்பாவிட்டால் அவளுக்குப் பேச்சே கிடையாது. தான் செய்தது சரியா என்று யாரிடம் கேட்பது?

வழக்கு இன்னும் நடக்கிறது. காவல் நிலையத்தில் பிரீத்திகாவின் எண்ணை எழுதி மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறார்கள். சுகிர்தா 'உட்காருங்கள்', 'தண்ணீர்', 'பயப்பட வேண்டாம்' என்று மூன்று சைகைகள் கற்றுக்கொண்டாள்.

போன மாதம் அச்சகத்து வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. முத்துப்பேச்சி பயந்துபோனாள். இறங்கியவர் ஏட்டு பாண்டிச்செல்வம். 'ஒரு ஆள். காது கேட்காது. டீச்சர் போன் எடுக்கவில்லை. வருவீர்களா?' என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

அந்த ஆள் பெத்தணன். இருக்கன்குடிக்குப் போகும் கோயில் கூட்டத்தில், நிற்கச் சொன்னது கேட்காமல் நடந்ததால், அங்கிருந்தவர்கள் திருடன் என்று பிடித்து அடித்திருந்தார்கள். உதட்டில் ரத்தம். அவன் பள்ளிக்கூடமே போனதில்லை. அவன் கைகள் சொன்னதில் பாதிகூட முத்துப்பேச்சிக்குப் புரியவில்லை. ரயில் என்கிறானா, அண்ணன் என்கிறானா? தெரியாததைத் தெரியாது என்றே எழுதிக் கொடுத்தாள். 'அடித்தார்கள்' என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அதை எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தாள்.

ஏட்டு விசாரித்துச் சொல்லியனுப்பி, சாத்தூரிலிருந்து அவன் அண்ணன் வந்து சேரும்வரை, அவன் பக்கத்து நாற்காலியிலேயே அவள் உட்கார்ந்திருந்தாள்.